தடித்த பிட்டை ஏற்காத வாய்: எட்டு வயதுக் குதிரைக்கு பிட் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

எட்டு வயது, விதை நீக்கிய ஆண் குதிரை. உயரம் 15.2 கை (15 கை 2 அங்குலம்; ஒரு கை 4 அங்குலம்), அதாவது ஏறத்தாழ 157 செ.மீ. அடிப்படை ட்ரெஸ்ஸாஜ் (சவாரி செய்பவரின் சைகைக்கு இசைந்து நடக்கும்) பயிற்சியும் தாழ்வான தடைகளைத் தாண்டும் பழக்கமும் உண்டு. கைமாறி வந்தபோது பழைய உரிமையாளர் ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே அனுப்பினார்: இதற்கு வாய் ரொம்ப சென்சிட்டிவ், மெத்தென்ற பிட் (வாய்க்குள் போகும் துண்டு) மட்டுமே போட வேண்டும். அந்த மெத்தென்ற பிட்டும் கூடவே வந்தது. 21 மி.மீ. தடிமன், உள்ளே குடைந்த ஸ்டீல், நடுவில் ஒற்றை மூட்டு, 135 மி.மீ. அகலமுள்ள லூஸ் ரிங் ஸ்நாஃபிள், அதாவது வளையம் தளர்வாகச் சுழலும், நெம்புகோல் இல்லாத பிட்.

இந்தப் பதிவில் பிட் என்றால் வாய்க்குள் போகும் துண்டும் அதன் இரு வளையங்களும் மட்டுமே. தலைப்பட்டை, கன்னப்பட்டை, மூக்குப்பட்டை எல்லாம் சேர்ந்தது கடிவாளம்.

புதிய உரிமையாளர் நிதானமாக ஓட்டுபவர். குதிரை தலையை உதறத் தொடங்கியதும் பிட்டை மாற்றிப் பார்த்தார். ரப்பர் உறையிட்ட நேர் பிட், செம்பு உருளை பதித்தது, இரட்டை மூட்டுள்ளது, மீண்டும் பழைய 21 மி.மீ. பிட் என்று இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடிந்தது. எதையும் இரண்டு மூன்று சவாரிக்கு மேல் வைக்கவில்லை. ஒவ்வொரு புது பிட்டிலும் முதல் சவாரி நன்றாக இருக்கும், இரண்டாவதில் பழைய உதறல் திரும்பும். புது பிட் வேறொரு இடத்தில் அழுத்துகிறது. அந்த இடம் நோகும்வரை குதிரை அமைதியாக இருக்கிறது. முதல் சவாரியை வைத்து பிட்டை மதிப்பிட முடியாது என்பதற்கு இதுவே காரணம். இதற்கிடையில் வாயைத் திறப்பதைத் தடுக்க மூக்குப்பட்டையும் ஓட்டை ஓட்டையாக இறுகிக்கொண்டே போனது.

இந்த நிலையில்தான் பயிற்சியாளரும், பிறகு கால்நடை மருத்துவரும் உள்ளே வந்தார்கள். அதன்பின் எடுத்த முடிவுகள் மூவரும் சேர்ந்து எடுத்தவை.

கவனித்தவை

பயிற்சியாளர் முதல் நாள் எதையும் மாற்றவில்லை. இருந்த சாமான்களோடே ஓட்டச் சொல்லி, பக்கத்திலிருந்து வீடியோ எடுத்தார்.

கடிவாளம் போடும்போதே பிட் முன்பற்களை நெருங்கினால் குதிரை தலையைத் தூக்கி வலப்பக்கம் திருப்பியது. நின்ற நிலையில் லகான் (பிட் வளையத்திலிருந்து கைக்கு வரும் வார்) தளர்வாக இருக்கையில் வாய் மூடியிருந்தது. ஆனால் நாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பிட்டை விடாமல் மென்றது. நடையில் பெரிய தொல்லை இல்லை. ட்ராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்) லகான் இறுகிய மறுகணமே மூக்கு மேலே வெட்டியது, வாய் பிளந்தது. சில நிமிடங்கள் கழித்து நேர் எதிராக, முகத்தை மார்போடு ஒட்டி மடக்கி லகானிலிருந்து ஒளிந்துகொண்டது. இடப்பக்க வட்டத்தைவிட வலப்பக்க வட்டத்தில் எல்லாமே மோசம். கேன்டர் (மிதமான பாய்ச்சல்) எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் தலை எகிறியது.

சவாரி இல்லாமல், பிட் இல்லாமல், வெயிலிலும் நிழலிலும் நீள்கயிற்றில் ஓட்டிப் பார்த்தபோது உதறல் இல்லை. இது முக்கியமான சோதனை. முகத்தின் உணர்வு நரம்புக் கோளாறால் தலை உதறும் குதிரைகள் உண்டு. அவை பெரும்பாலும் பிட் இல்லாவிட்டாலும் திடீரென்று மேலும் கீழும் வெட்டும், மூக்கைத் தேய்க்கும், தும்மும். இங்கே அதற்கான சாயல் எதுவும் இல்லை.

சவாரி முடிந்ததும் கையுறை போட்டு, டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். வலது உதட்டு ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. வலது கன்னத்தின் உட்புறம், முதல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, வட்டமான புண். கீழ்த்தாடையில் இடப்பக்கம் பல்லில்லாத வெறும் ஈறு சிவந்து, தொட்டால் குதிரை பின்வாங்கும் அளவுக்கு நோவு. வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியவில்லை. இரண்டு மாதம் யாருக்கும் சந்தேகம் வராததில் வியப்பில்லை. பின்லாந்தில் பந்தயம் முடிந்த கையோடு 261 டிராட்டர் (ட்ராட் ஓட்டப் பந்தயக்) குதிரைகளின் வாயைப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 84 சதவீதக் குதிரைகளுக்கு பிட் படும் பகுதியில் புதுக் காயம் இருந்தது. அவற்றில் வெளியிலிருந்து பார்த்தே கண்டுபிடிக்கக்கூடியவை மிகச் சில.

வெறும் ஈறு என்பது முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத தாடைப்பகுதி. ஆண் குதிரைக்கு அந்த இடைவெளியின் முன்பாதியில் கோரைப்பல் இருக்கும். பிட் உட்காருவது அதற்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே மிஞ்சும் இடத்தில். அங்கே தாடை எலும்பின் மேல்விளிம்பு குறுகலானது. அதன்மேல் மெல்லிய தோல் மட்டும்தான், சதை கிடையாது. வாய் மென்மையில்லாத குதிரை என்று ஒன்று இல்லை. நோவைக் காட்டும் குதிரையும், காட்டிக் காட்டி ஓய்ந்துபோன குதிரையும் உண்டு. 'சென்சிட்டிவ்' என்று பெயர் வைத்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தக் குதிரைக்கு நடந்தது அதுதான்.

முதல் முடிவு: பிட்டைக் கழற்றுவது

காயம் இருக்கும் வாயில் எந்த பிட்டைச் சோதித்தாலும் கிடைக்கும் பதில் பொய். புண்ணில் படாத பிட் நல்ல பிட்டாகவும், படுகிற பிட் கெட்ட பிட்டாகவும் தெரியும். எனவே முழுமையாக ஆறும்வரை வாய்க்குள் எதுவும் இல்லை என்று முடிவானது.

பதிலாக சைட்புல் வந்தது. இதில் லகான் மூக்குப்பட்டையின் இரு பக்கமும் நேரடியாகக் கோக்கப்படும், நெம்புகோல் கிடையாது. இதையும் தவறாகப் போடலாம். பட்டை தாழ்ந்துவிட்டால் மூக்கெலும்பின் மெல்லிய நுனியில் அழுத்தும், மூச்சையும் தடுக்கும். கன்ன எலும்பு மேட்டுக்கு இரண்டு விரல் கீழே வைத்து, உட்புறம் மெத்தை தைத்த அகலமான பட்டை போட்டார்கள். கயிறு முறுக்கிய மூக்குப்பட்டை மலிவாகக் கிடைக்கும்; அது ஒரு நோவை எடுத்து இன்னொரு இடத்தில் வைப்பது மட்டுமே.

பல் பரிசோதனை

மருத்துவர் நின்றபடியே மயங்கவைக்கும் ஊசி போட்டு, வாய்விரிப்பான் மாட்டி, கண்ணாடியும் விளக்கும் வைத்து முழு வாயையும் பார்த்தார். ஊசி இல்லாமல் உதட்டை விலக்கிப் பார்ப்பதில் முன்பாதி மட்டுமே தெரியும்.

மேல் வலப்பக்கம் ஒரு ஓநாய்ப் பல் இருந்தது. கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால் முளைக்கும் சிறிய, பயனற்ற பல் இது. எல்லாக் குதிரைக்கும் இருப்பதில்லை, இருந்தாலும் எல்லாம் தொல்லை தருவதில்லை. இங்கே இருந்தது சற்றே சாய்ந்து, லேசாக ஆடியது. மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்க விளிம்பில் எனாமல் கூர்முனைகள். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால் அரைக்கும்போது மேற்பற்களின் வெளிவிளிம்பு தேயாமல் கூராகும். இது இயல்பான தேய்மானம், நோய் அல்ல. ஆனால் பிட்டின் வளையம் கன்னத்தை அந்த விளிம்போடு சேர்த்து அமுக்கினால் கன்னம் கிழியும். வலப்பக்கப் புண் அந்தக் கூர்முனைக்கு நேர் எதிரே இருந்தது.

இடது வெறும் ஈறுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். நெடுநாள் அழுத்தம் பட்டால் அந்த விளிம்பில் எலும்பு முளை கிளம்பிவிடும். அப்படி இருந்தால் மேற்கொண்டு எந்த பிட்டும் அங்கே நோகும், தேர்வின் திசையே மாறும். முளை இல்லை.

ஓநாய்ப் பல் பிடுங்கப்பட்டது. கூர்முனைகள் மட்டும் ராவப்பட்டன. முதல் கடைவாய்ப் பற்களின் முன்முகத்தை நன்றாக உருட்டி 'பிட் சீட்' செய்துவிடலாமா என்று உரிமையாளர் கேட்டார். மருத்துவர் மறுத்தார். சரியாகப் பொருந்திய பிட் அந்தப் பல்லைத் தொடவே தேவையில்லை. அதிகம் ராவினால் பல்லின் உயிர்க்கூழ் வெளிப்படும் ஆபத்து உண்டு. விளிம்பை வழவழப்பாக்குவதோடு நிறுத்திக்கொண்டார்.

வலப்பக்கம் புண், இடப்பக்கம் ஈறு நோவு. இந்தக் குறுக்கு அமைப்புதான் வழக்கின் முடிச்சு. சவாரி செய்பவரின் இரு கட்டைவிரல்களுக்கும் குறுக்கே குட்டையான சாட்டை ஒன்றைக் கிடையாகப் பிடித்து ஓட்டச் சொன்னார் பயிற்சியாளர். சாட்டையின் இடமுனை ஒவ்வொரு வட்டத்திலும் பின்னால் போனது. இடக்கை கனம். அகலம் அதிகமான பிட்டை இடது லகான் இழுக்கும்போது அது வாய்க்குள் இடப்பக்கம் வழுக்குகிறது. இடது ஈறில் நேரடி அழுத்தம். வலப்பக்க வளையமோ கன்னத்தை உள்ளே தள்ளிக் கூர்முனையிலும் ஓநாய்ப் பல்லிலும் அமுக்குகிறது. ஒரே இழுப்பில் இரண்டு பக்கக் காயம்.

பிட் இல்லாத வாரங்கள்

முதல் வாரம் சவாரி இல்லை, கையில் பிடித்து நடை மட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து சைட்புல்லில் லேசான வேலை.

தலை உதறல் நின்றது. முகத்தை மார்போடு மடக்கும் பழக்கம் மெல்லக் குறைந்தது. ஆனால் வலப்பக்க வட்டத்தில் உடலை வளைக்காத விறைப்பும், கேன்டர் எடுக்கும்போது தலை உயர்வதும் அப்படியே இருந்தன. அப்படியென்றால் இவை இரண்டும் பிட்டின் கணக்கில் வரமாட்டா. முதுகைத் தடவிப் பார்த்ததில் வலது தோளுக்குப் பின்னால் தசை இறுகியிருந்தது. சேணம் ஒருபக்கம் சரிந்து உட்கார்ந்ததும் தெரிந்தது. சேணத்தின் அடித்திணிப்பைச் சரிசெய்தபின் விறைப்பு பாதி குறைந்தது.

கன்னப்புண்ணும் பல் பிடுங்கிய குழியும் மூன்றாம் வார முடிவில் மூடிவிட்டன. இடது ஈறு மட்டும் விரலால் அழுத்தினால் ஐந்தாம் வாரம்வரை நொந்தது. தோல் ஆறியதைப் பார்த்து பிட்டைப் போட்டிருந்தால் கணக்குத் தப்பியிருக்கும்; எலும்பை மூடிய சவ்வு தோலைவிட மெதுவாக ஆறும். அதனால் ஆறாம் வாரம்தான் பிட்.

வாயை அளந்தது

அகலம். வழவழப்பான மெல்லிய மரக்குச்சி ஒன்றில் இரண்டு ரப்பர் வளையங்களைக் கோத்து, பிட் இருக்கும் இடத்தில் வாய்க்குள் வைத்தார்கள். வளையங்கள் இரு பக்க உதட்டையும் தொட வேண்டும், அமுக்கக்கூடாது. குச்சியை எடுத்து வளையங்களின் உட்புறத்திலிருந்து உட்புறம் அளக்க வேண்டும். மூன்று முறை அளந்ததில் 121, 122, 122 மி.மீ. கூட வந்த பிட்டோ 135.

பிட்டை அளப்பதற்கும் முறை உண்டு. நேராக நீட்டி வைத்து, இரு வளையங்களின் உள்முகங்களுக்கு இடையே அளக்க வேண்டும். பக்கம் அசையாத (வளையம் துளைக்குள் நழுவாத) எக்பட் வகைக்கு வாயின் அகலத்தைவிட மொத்தம் 3 முதல் 5 மி.மீ. கூடுதல் போதும். லூஸ் ரிங்கில் வளையம் துளைக்குள் நழுவி உதட்டைக் கிள்ளும். அதற்கு பக்கத்துக்கு 5 மி.மீ. வரை விட வேண்டும். ஒற்றை மூட்டு பிட்டை 'வாயில் வளைந்துதானே இருக்கும்' என்று அகலமாக வாங்குகிறார்கள். அகலம் கூடினால் மூட்டு இன்னும் தாழ்ந்து தொங்கும், லகான் இழுத்தால் மடிப்பும் கூர்மையாகும்.

உள்ளிடம். பலர் தாண்டிப்போகிற அளவு இதுதான். கையுறை போட்ட சுட்டுவிரலை உதட்டு ஓரத்தில் நுழைத்து வெறும் ஈறின் மேல், நாக்குக்குக் குறுக்கே படுக்கவைத்து, குதிரை வாயை மூடி அமைதியாகும்வரை காத்திருக்க வேண்டும். விரல் மேலும் கீழும் எவ்வளவு இறுகுகிறது என்பதே பதில். இந்தக் குதிரையிடம் ஒரு விரலே நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே நன்றாக இறுகியது. விரலின் தடிமன் வெர்னியரில் 15 மி.மீ. நாக்கு சதைப்பற்றானது, ஓரத்தில் தாடைவிளிம்பைத் தாண்டி வழிந்தது. அண்ணம் தட்டை.

தடித்த பிட் மென்மையானது என்பதற்குச் சொல்லப்படும் காரணம், விசை பரந்த பரப்பில் பரவும் என்பது. வெறும் ஈறில் மட்டும் பார்த்தால் ஓரளவு உண்மை. ஆனால் குதிரையின் வாய் மூடியிருக்கும்போது உள்ளே காலியிடம் கிடையாது, நாக்கே நிரம்பியிருக்கிறது. 15 மி.மீ. விரலே இறுகும் வாயில் 21 மி.மீ. ஸ்டீலை வைத்தால் லகானைத் தொடாதபோதும் நாக்கு நசுங்கும், வாய் மூடாது. மூடாத வாயை மூக்குப்பட்டையால் மூடினார்கள். குதிரைக்குத் தப்பிக்க மிஞ்சியது கழுத்து மட்டும்.

தேர்வுக்கு வந்தவையும் தள்ளியவையும்

ரப்பர் நேர் பிட் தள்ளப்பட்டது. பார்க்க மென்மை, ஆனால் பெரும்பாலும் 18 மி.மீ.க்கு மேல் தடிமன், எச்சில் வற்றிய வாயில் தோலோடு ஒட்டி இழுக்கும். வாய் ஈரமாகவும் இடம் தாராளமாகவும் உள்ள குதிரைக்கு அது நன்றாக இருக்கலாம்.

ஒற்றை மூட்டு மெல்லியது: லகான் இரண்டும் இறுகும்போது பிட்டின் இரு கைகளும் (மூட்டுக்கு இருபக்கமும் உள்ள துண்டுகள்) மடிந்து, நடுமூட்டு நாக்கிலோ தட்டையான அண்ணத்திலோ குத்தும். இந்த அண்ணத்துக்கு வேண்டாம்.

நடுவில் உயர்ந்த போர்ட் (மேல்நோக்கிய வளைவு) உள்ள பிட்: நாக்குக்கு இடம் தரும், ஆனால் அதே அளவு பாரத்தை ஈறின் இரு ஓரத்துக்கும் தள்ளும். இடது ஈறு இப்போதுதான் ஆறியிருக்கிறது. அண்ணமும் தாழ்வு. வேண்டாம்.

மெல்லிய கம்பி முறுக்கு வகைகள் பேச்சிலேயே வரவில்லை.

உலோகத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது; தேவைக்கு அதிகமாகவே என்று சொல்ல வேண்டும். இரும்பும் செம்புக்கலவையும் எச்சில் ஊற உதவும் என்று பலரும் விரும்புவார்கள். ஆனால் அளவு தவறிய பிட்டை எந்த உலோகமும் காப்பாற்றாது. இந்தக் குதிரைக்கு எச்சில் இயல்பாகவே இருந்தது.

முதல் தேர்வு: நடுவில் லாஸெஞ்ச் எனும் உருண்டையான சிறு துண்டுள்ள இரட்டை மூட்டு, 16 மி.மீ., எக்பட், 125 மி.மீ. எக்பட் ஏன்? பக்கம் அசையாததால் கிள்ளாது, வாயில் அமைதியாக உட்காரும், வலது உதட்டு வெடிப்புக்கு இனி இடமில்லை. லாஸெஞ்ச் ஏன்? ஒற்றை மூட்டின் குத்தல் இல்லை. நடுத்துண்டு தட்டையான தகடாக இருந்தால் அது நாக்கில் எந்தக் கோணத்தில் படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். விளிம்பு நாக்கில் செங்குத்தாக அழுந்தும் வகையும் அச்சு அசல் இதே தோற்றத்தில் விற்கிறது.

போட்ட முறை

ஆறாம் வாரம் முதல் இரண்டு நாள் லாயத்திலேயே, லகான் இல்லாமல், பத்து நிமிடம். பிட்டை முன்பற்களில் இடிக்காமல், உதட்டு ஓரத்தில் கட்டைவிரலை வைத்து வாய் தானாகத் திறக்கும்வரை காத்திருந்தார்கள். கழற்றும்போது தலைப்பட்டையை இறக்கிவிட்டு, குதிரையே பிட்டை விடும்வரை கை இழுக்கவில்லை. தலையைத் தூக்கும் பழக்கம் பாதி இதிலேயே போனது.

பிறகு இரண்டு நாள் நீள்கயிற்றில். கயிறு மூக்குப்பட்டை வளையத்தில், பிட் வாயில் சும்மா. அதன்பின் சவாரி, இரண்டு ஜோடி லகானோடு: ஒன்று சைட்புல்லில், ஒன்று பிட்டில். முதலில் வேலை முழுவதும் சைட்புல் லகானில். பிட் லகான் தொய்வாக. ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றினார்கள்.

உயரம்: உதட்டு ஓரத்தைத் தொட்டு, லேசான ஒரு மடிப்பு விழும் அளவு. இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு என்ற சூத்திரம் உதட்டின் தடிமனுக்கேற்ப மாறும். நம்ப வேண்டியது கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பிட் எங்கே இருக்கிறது என்பதை. மூக்குப்பட்டை, மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்த்தப்பட்டது. பக்கவாட்டில் விரல் விட்டுப் பார்த்தால் எவ்வளவு இறுக்கமான பட்டையும் தளர்வாகத்தான் தோன்றும்.

முதல் தேர்வு ஏன் போதவில்லை

உதறல் இல்லை. வாய் பிளப்பது குறைந்தது. ஆனால் ட்ராட்டில் பத்து நிமிடம் கடந்ததும் நாக்கு பின்னுக்குப் போவதும், இடைவிடாத மெல்லலும் தொடர்ந்தன. பத்து நாளிலும் மாறவில்லை. வாயில் புதுக்காயம் எதுவும் இல்லை.

பயிற்சியாளர் பிட்டின் கீழ்ப்பக்கம் தன் முன்கையை வைத்து, இரு வளையங்களையும் லகான் போகும் திசையில் இழுத்துக் காட்டினார். தளர்வான இரட்டை மூட்டு, முன்கையைச் சுற்றி 'ப' வடிவில் மடிந்து இரு ஓரத்தையும் நெரித்தது. சதைப்பற்றான நாக்குக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒல்லியான நாக்குள்ள குதிரைக்கு இதே பிட் பொருந்தியிருக்கும்.

இரண்டாம் தேர்வு: நடுவில் பேரல் (உருளை) மூட்டு, கைகள் இரண்டும் முன்னோக்கி லேசாக வளைந்தவை, 14 மி.மீ., அதே எக்பட், அதே 125 மி.மீ. பேரல் மூட்டு ஒரு எல்லைக்கு மேல் மடியாது. இழுக்கும்போது 'ப' ஆகாமல் மெல்லிய வில்லாகவே நிற்கும், வளைவின் கீழ் நாக்குக்கு இடம் மிஞ்சும். இருந்தும் ஒரு பக்க லகானை எடுத்தால் அந்தப் பக்கக் கை தனியாகப் பேசும். நேர் பிட்டில் அது கிடைக்காது. பக்க வகையையும் அகலத்தையும் மாற்றாமல் வைத்ததால், குதிரையின் பதில் வாய்த்துண்டுக்கான பதில் என்று எடுத்துக்கொள்ள முடிந்தது.

14க்குக் கீழே போகவில்லை. 10, 12 மி.மீ. உள்ளிடத்தை மிச்சப்படுத்தும்; ஆனால் வெறும் ஈறில் விளிம்பாக வெட்டும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் ட்ரெஸ்ஸாஜ் விதியிலும் குதிரைகளுக்கான ஸ்நாஃபிளின் குறைந்தபட்ச விட்டம் 14 மி.மீ.; வளையத்தை ஒட்டிய இடத்தில் அளப்பார்கள். பிட் நடுவை நோக்கி மெலிவதால் வேறு இடத்தில் அளந்தால் எண் மாறும்.

பின்னர் நடந்தவை

மூன்றாவது சவாரியில் நாக்கு அமைதியானது. ஒரு வாரத்தில் வாய் மூடி, முன்போல் விடாமல் அல்லாமல் நிதானமாக மெல்லத் தொடங்கியது. முதல் சவாரிகளை நம்ப வேண்டாம் என்று மூன்று வாரம் எதையும் தொடாமல் விட்டார்கள், பலன் நிலைத்தது. ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் உதட்டு ஓரம், கன்ன உட்புறம், இரு ஈறு, நாக்கின் ஓரம் நான்கையும் பார்த்துக் குறித்தார்கள். டார்ச்சோடு இரண்டு நிமிட வேலை.

ஒன்பதாம் வாரம் வலது உதட்டு ஓரம் மறுபடி சிவந்தது. உரிமையாளர் உடனே அடுத்த பிட்டைத் தேடத் தொடங்கினார். காரணம் பிட் அல்ல. புதுக் கன்னப்பட்டைகளில் ஒன்று மற்றதைவிட அதிகமாக நீண்டு, ஓட்டை எண்ணிக்கை சமமாக இருந்தும் பிட் ஒருபக்கம் தாழ்ந்திருந்தது. இரு பட்டைகளையும் டேப் வைத்து அளந்து சரிசெய்ததும் ஒரு வாரத்தில் சிவப்பு மறைந்தது.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் வாயில் காயம் இல்லை. இடது ஈறு அழுத்தினாலும் நோகவில்லை. சவாரி செய்பவரின் இடக்கை முழுவதும் சரியாகவில்லை. சாட்டையைக் கிடையாகப் பிடிக்கும் பயிற்சி ஒவ்வொரு வார்ம்-அப்பிலும் தொடர்கிறது. சைட்புல்லும் அலமாரிக்குப் போகவில்லை. வாரத்தில் ஒரு நாள் வாய்க்கு ஓய்வு.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

குதிரை வந்த வாரமே, முதல் சவாரிக்கு முன்பே, மயக்க ஊசியோடு பல் பரிசோதனை. இரண்டு மாதச் சோதனைகளில் வாங்கிய பிட்டுகளின் செலவும் காயமும் அதில் தவிர்ந்திருக்கும்.

பேரல் மூட்டு பிட்டுக்கு மாறியபோது தடிமனும் 16இலிருந்து 14க்கு இறங்கியது. நாக்கு அமைதியானது மூட்டாலா, 2 மி.மீ. குறைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 14 மி.மீ. லாஸெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கி இடையில் சோதித்திருக்கலாம். மூக்குப்பட்டையைத் தளர்த்தியதும் அப்படித்தான். பிட் மாறிய அதே நாளில் அதுவும் மாறியது. சைட்புல் காலத்தின் கடைசி வாரத்திலேயே இரண்டு விரல் அளவில் வைத்துப் பழக்கியிருந்தால் பிட்டின் பங்கு தனியாகத் தெரிந்திருக்கும்.

வாய்ப் படங்களில் அளவுகோல் வைக்கவில்லை. புண் சுருங்கியதா இல்லையா என்பதில் இரண்டாம் வாரத்தில் மூவருக்கும் மூன்று கருத்து. ஒரு காகித அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து எடுத்தால் போதும்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. வலப்பக்கக் கேன்டர் எடுக்கும்போது தலை உயர்வது குறைந்திருக்கிறது, போகவில்லை. பிட் இருந்தாலும் சைட்புல் இருந்தாலும் ஒரே மாதிரி வருவதால் வாயை இனிக் கிளற வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆறாம் மாதப் பல் பரிசோதனையோடு பின்னங்கால் மூட்டுகளை வளைத்துப் பார்க்கும் சோதனையும் வைக்கப்பட்டுள்ளது. அதுவரை பிட்டில் மாற்றம் இல்லை.